அடிக்கும் அடிக்கும் இடையே: பூல், ஸ்நூக்கர் ஆட்டக்காரர்களின் வழக்கமும் சடங்கும்

ஆய்வுச் சுருக்கம்

பூல், ஸ்நூக்கர் ஆகிய பில்லியர்ட்ஸ் வகை ஆட்டங்களில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஆட்டக்காரர் செய்யும் செயல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கோல்முனையில் சாக் தேய்த்தல், மேசையைச் சுற்றி நடத்தல், குனிந்த பின் எழுந்து மீண்டும் குனிதல், நாற்காலியில் அமர்ந்து காத்திருத்தல், எதிராளியின் நல்ல அடிக்கு மேசையைத் தட்டுதல் முதலியன இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவை பயன்வினை, சடங்குவினை, ஒழுக்கவினை என மூவகைப்படும் என்பதும், ஒரே செயல் சூழலுக்கேற்ப இம்மூன்றினுள் இடம் மாறும் என்பதும் நிறுவப்படுகின்றன. உறுதியின்மை மிகும் இடத்தில் சடங்கு தோன்றும் என்னும் மாலினோவ்ஸ்கியின் கருத்து, இவ்வாட்டங்களில் அடிப்பவரைவிடக் காத்திருப்பவருக்கே மிகுதியாகப் பொருந்துகிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பூல், ஸ்நூக்கர், அடியிடை, சடங்கு, ஆட்ட ஒழுக்கம், காத்திருப்பு, மெய்ப்பாடு.

1. முன்னுரை

விளையாட்டுகளை ஆராய்வோர் பெரும்பாலும் விதிகளையும் திறன்களையும் வெற்றி தோல்விகளையுமே கருத்திற்கொள்கின்றனர். பந்து நகரும்போது நிகழ்வதே ஆட்டம் என்றும், அது நின்றபின் வரும் நேரம் வெறும் இடைவெளி என்றும் கருதும் போக்கு இதனால் ஏற்பட்டுள்ளது. பூல், ஸ்நூக்கர் ஆகியவற்றைப் பொறுத்தவரை இப்போக்கு பெரும் பகுதியை விட்டுவிடுகிறது. கோல்முனை வெள்ளைப் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. அடிக்கப்பட்ட பந்துகள் உருண்டு ஓய்வதற்குச் சில நொடிகள் ஆகும். எஞ்சிய நேரம் முழுவதும் பார்த்தலிலும் நடத்தலிலும் ஆயத்தத்திலும் காத்திருப்பிலும் கழிகிறது. ஆகவே இவ்வாட்டங்களைக் காண்பவர் பெரும்பாலும் காண்பது அடியை அன்று. அடிக்கும் அடிக்கும் இடைப்பட்ட மனிதரையே.

இவ்விடைப்பட்ட நேரம் இக்கட்டுரையில் ‘அடியிடை’ எனக் குறிக்கப்படுகிறது. அடியிடையில் நிகழும் செயல்கள் யாவை, அவற்றுள் எவை சடங்கு எனத் தக்கன, அவை யாருக்கு எப்பயனைத் தருகின்றன என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கமாகும். ஆட்ட விதிகள், பலரும் கண்ட உலகப் போட்டி நிகழ்வுகள், பூல் ஆட்டத்தைப் பொருளாகக் கொண்ட ஒரு திரைப்படம், சடங்கு குறித்த மானிடவியல் கருத்துகள் ஆகியவை ஆய்வுக்குரிய தரவுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

2. இரு ஆட்டங்கள், இரு பிறப்பிடங்கள்

பூல் ஆட்டத்தில் ஒரு வெள்ளைப் பந்தும், ஆட்ட வகைக்கேற்ப ஒன்பது அல்லது பதினைந்து இலக்குப் பந்துகளும் பயன்படுகின்றன. ஸ்நூக்கரில் 15 சிவப்புப் பந்துகள், 6 வண்ணப் பந்துகள், ஒரு வெள்ளைப் பந்து என 22 பந்துகள் உள்ளன. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: தோல்முனை பொருத்திய கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அதன்வழி பிற பந்துகளைக் குழிகளில் வீழ்த்த வேண்டும். வீழ்த்தும்வரை ஒருவரே தொடர்ந்து ஆடுவார். தவறியதும் மற்றவர் முறை வரும்.

இவ்விரு ஆட்டங்களின் அடியிடைப் பண்பாடு வேறுபடுவதற்கு அவற்றின் பிறப்பிடங்கள் ஒரு காரணமாகலாம். அமெரிக்காவில் ‘பூல்’ என்னும் சொல் பலர் சேர்ந்து இடும் பந்தயப் பணத்தைக் குறித்தது. குதிரைப் பந்தயத்திற்குப் பணம் கட்டும் கூடங்கள் அப்பெயரால் அழைக்கப்பட்டன. ஒரு பந்தயத்திற்கும் அடுத்ததற்கும் இடையே வாடிக்கையாளர் பொழுதுபோக்கவே அங்கு பில்லியர்ட்ஸ் மேசைகள் இடப்பட்டன என்பர். காத்திருப்போருக்கென இடப்பட்ட மேசையிலிருந்தே இவ்வாட்டம் தன் பெயரைப் பெற்றது என்பது இவ்வாய்வுக்கு இயைபுடைய செய்தியாகும்.

ஸ்நூக்கரோ படை அலுவலர்களின் உணவுக்கூடத்தில் பிறந்தது. 1875ஆம் ஆண்டு ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் ஆங்கிலேய இளம் அலுவலர் இவ்வாட்டத்தை உருவாக்கினார் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. பின்னர் அவர் உதகமண்டலத்தில் இருந்த காலத்தில், 1882இல், இதன் விதிகள் வரையப்பட்டு உதகை மன்றத்தின் பில்லியர்ட்ஸ் அறையில் இடப்பட்டன. ஒருவரையொருவர் அறிந்த, ஒரே தகுதிநிலையினரான உறுப்பினர்கள் ஆடிய இடம் அது. அங்கு நடுவரைவிட உறுப்பினரின் நன்மதிப்பே விதிகளைக் காத்தது எனக் கருதலாம். பந்தயக் கூடம், மன்றம் என்னும் இவ்விரு பின்புலங்களும் பின்வரும் பகுதிகளில் மீண்டும் தேவைப்படும்.

3. கோட்பாட்டுப் பின்புலமும் பாகுபாடும்

சடங்கிற்கும் உறுதியின்மைக்கும் உள்ள உறவை மாலினோவ்ஸ்கி டிரோப்ரியாண்ட் தீவு மக்களிடையே கண்டார். அமைதியான உட்கழியில் மீன்பிடிக்கும்போது அம்மக்கள் தம் அறிவையும் திறனையுமே நம்பினர்; இடரும் நிலையாமையும் மிக்க திறந்த கடலுக்குச் செல்லும்போது விரிவான மந்திரச் சடங்குகளை மேற்கொண்டனர். ஜார்ஜ் கிமெல்ச் 1971இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்தை அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்திற்குப் பொருத்தினார். வெற்றி வாய்ப்பு நிலையற்ற பந்து வீசுதலிலும் மட்டையால் அடித்தலிலும் சடங்குகள் மிக்கிருந்தன. பெரும்பாலும் வெற்றி தரும் களத்தடுப்பில் அவை அரிதாயின.

உளவியலாளர் ஸ்கின்னர் 1948இல் மற்றொரு விளக்கம் தந்தார். குறித்த கால இடைவெளியில் இரை தரப்பட்ட புறாக்கள், இரை வரும் நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த அசைவையே மீண்டும் மீண்டும் செய்தன. செயலுக்கும் பயனுக்கும் தொடர்பில்லாத இடத்திலும் தொடர்பு இருப்பதாகக் கொள்ளும் பழக்கம் இவ்வாறு உருவாகலாம் என்பது அவர் கருத்து.

இவ்விரு விளக்கங்களும் பயனுடையனவாயினும், அடியிடைச் செயல்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கொண்டால் அவற்றைப் பொருத்த இயலாது. ஆதலின் இங்கு மூவகைப் பாகுபாடு மேற்கொள்ளப்படுகிறது. பந்தின் இயக்கத்தில் நேரடி விளைவை ஏற்படுத்துவது பயன்வினை. ஆட்டக்காரரின் உள்ளத்திலும் உடலிலும் விளைவை ஏற்படுத்துவது சடங்குவினை. எதிராளியையும் ஆட்டத்தையும் மதிக்கும் குறியாக அமைவது ஒழுக்கவினை.

முதலிரு வகைகளையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இடையூறு நேர்ந்தபின் ஆட்டக்காரர் எங்கிருந்து தொடர்கிறார் என்பதே அது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அச்செயல் பயன்வினையாகும். நிறைவுற்ற பகுதியையும் சேர்த்து முதலிலிருந்து தொடங்கினால் அது சடங்குவினையின் தன்மை பெற்றுவிட்டது எனலாம். சடங்கிற்கு வரிசை இன்றியமையாதது. பாதியில் முறிந்த சடங்கைப் பாதியிலிருந்து தொடர்வதில்லை.

4. சாக் கட்டி: பயனிலிருந்து சடங்கிற்கு

அடியிடைச் செயல்களுள் அனைவரும் அறிந்தது கோல்முனையில் சாக் தேய்ப்பதாகும். கோலின் முனையில் தோல் பொருத்தும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் மிங்கோ என்பவரால் பரவியது என்பர். தோல்முனை வந்தபின் வெள்ளைப் பந்தின் மையத்திலிருந்து விலகி அடித்து அதைச் சுழலச் செய்வது எளிதாயிற்று. ஆயினும் முனை வழுக்காதிருக்க உராய்வு தேவைப்பட்டது. தொடக்கத்தில் சுண்ணப்பொடி பயன்பட்டது. 1897இல் வில்லியம் ஸ்பிங்ஸ் என்னும் அமெரிக்க ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்னும் வேதியியலாளரும் சிலிகாவையும் உராய்வுப் பொருளையும் கொண்ட கட்டிக்குக் காப்புரிமை பெற்றனர். ‘சாக்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டபோதிலும், இன்றைய கட்டி பள்ளிக்கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியினின்று வேறானது.

சாக்கின் பயன் தெளிவானது. அது இல்லாத கோல்முனை விலகிய அடிகளில் நழுவும். சாக் பூசப்பட்ட முனையும் பந்தின் ஆரத்தில் ஏறத்தாழ பாதியளவுக்கு அப்பால் பட்டால் நழுவக்கூடும். இதுவரை சாக் தேய்த்தல் பயன்வினையே. ஆனால் பந்தின் நடுவே மெல்லத் தொட்டு அடிக்கும் எளிய அடிக்கு முன்னும் ஆட்டக்காரர் சாக் தேய்க்கிறார். தேய்த்து முடித்த முனையையே, அடிக்காமல் எழுந்தபின், மறுபடியும் தேய்க்கிறார். சில வேளை அவர் கண் கோல்முனையில் இல்லை; மேசையில் உள்ள பந்துகளின் மேல் இருக்கிறது. கை தானே சுழல்கிறது. முன்பகுதியில் கூறிய சோதனையின்படி இங்கு சாக் தேய்த்தல் சடங்குவினையாக மாறியுள்ளது.

இம்மாற்றத்தின் காரணம் கருதத்தக்கது. அடுத்த அடியைத் தீர்மானிக்கும் நேரத்தில் ஆட்டக்காரரின் கைகளுக்கு வேலையில்லை. வேலையற்ற கை பதற்றத்தை வெளிப்படுத்தும்; பதற்றத்தை மிகுவிக்கவும் கூடும். சாக் கட்டி கைக்கு ஒரு சிறு வேலையைத் தந்து, சிந்தனைக்கு ஓர் அளவான கால எல்லையையும் தருகிறது. கட்டியை மேசை விளிம்பிலோ சட்டைப்பையிலோ வைக்கும் கணம், தீர்மானம் முடிந்தது என ஆட்டக்காரர் தமக்குத் தாமே அறிவிக்கும் கணமாகிறது. சாக் தேய்ப்பதன் இரண்டாவது பயன், அதை நிறுத்துவதில் உள்ளது.

5. நிற்றலும் குனிதலும்

மேசையைச் சுற்றி நடந்து பந்துகளின் நிலையைப் பார்த்தல், இலக்குப் பந்துக்கும் குழிக்கும் இடையிலான கோட்டின் பின்னால் நிற்றல், அக்கோட்டில் காலெடுத்து வைத்துக் குனிதல், இடக்கையால் கோலுக்குத் தாங்கல் அமைத்தல், கோலை முன்னும் பின்னுமாகச் சிலமுறை அசைத்தல், சற்று நிறுத்தல், பின் அடித்தல் என்னும் வரிசையைத் தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலும் மாற்றுவதில்லை. வலக்கையால் ஆடுவோருக்கே இது கூறப்பட்டது. இடக்கையால் ஆடுவோருக்குக் கைகள் மாறும்.

இவ்வரிசையின் நடுவே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. நின்ற நிலையில் செய்யப்படுவது சிந்தனை. குனிந்த நிலையில் செய்யப்படுவது செயல். எப்பந்தை அடிப்பது, எவ்வளவு விசை, எவ்வகைச் சுழற்சி, வெள்ளைப் பந்து எங்கு வந்து நிற்க வேண்டும் என்பன அனைத்தும் நிற்கும்போதே தீர்க்கப்பட வேண்டும் என்பது பயிற்சியாளர் பொதுவாகக் கூறும் அறிவுரை. குனிந்தபின் ஐயம் எழுந்தால் அந்நிலையிலேயே திருத்திக்கொள்ளாமல் எழுந்து நின்று மீண்டும் தொடங்க வேண்டும் என்பர்.

உலகப் போட்டிகளில் இதைத் தெளிவாகக் காணலாம். ஆட்டக்காரர் குனிந்து கோலை அசைத்துக்கொண்டிருக்கையில் பார்வையாளர் ஒருவர் இருமுகிறார். பந்துகளின் நிலையில் எம்மாற்றமும் இல்லை; எடுத்த முடிவிலும் மாற்றம் இல்லை. ஆயினும் அவர் எழுகிறார், சாக்கை எடுக்கிறார், கோட்டின் பின்னால் நிற்கிறார், மறுபடியும் குனிகிறார். முறிந்த வரிசை முதலிலிருந்து தொடங்கப்படுகிறது.

இவ்வொழுங்கிற்கு உடலியல் அடிப்படையும் உண்டு. வில்லியம்ஸ், சிங்கர், பிரேலிக் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, பில்லியர்ட்ஸ் அடிக்கு முன் ஆட்டக்காரரின் கண் இலக்கில் நிலைகொள்ளும் இறுதி நேரத்தை அளந்தது. திறன் மிக்கோரின் பார்வை திறன் குறைந்தோரின் பார்வையைவிட நீண்ட நேரம் நிலைத்திருந்தது. அடிக்கும் முன் வரும் அசைவின்மை வெறும் தோற்றமன்று என்பதும், தேர்ச்சியின் ஒரு கூறு என்பதும் இதனால் பெறப்படுகின்றன.

இங்கு ஸ்கின்னரின் விளக்கம் போதாமையை உணரலாம். புறாவின் அசைவுக்கும் இரைக்கும் தொடர்பில்லை. ஆட்டக்காரரின் வரிசைக்கும் அடிக்கும் தொடர்பு உண்டு. ஆயினும் அத்தொடர்பு பந்தின் வழியாக அன்றி ஆட்டக்காரரின் வழியாகவே செல்கிறது. எனவே இச்சடங்கை மூடநம்பிக்கை எனத் தள்ளவும் இயலாது. வெறும் நுட்பம் எனச் சுருக்கவும் இயலாது.

6. நாற்காலி

அடிப்பவர் மேசையில் இருக்கும்போது மற்றவர் நாற்காலியில் இருக்கிறார். அடிப்பவரின் பார்வைக் கோட்டில் நிற்றலையும் அசைதலையும் தவிர்த்து, மேசையிலிருந்து தக்க தொலைவில் அவர் இருக்க வேண்டும் என ஸ்நூக்கர் விதிகள் வரையறுக்கின்றன. டென்னிஸில் எதிராளியின் பந்தைத் திருப்பி அடிக்கலாம். சதுரங்கத்தில் எதிராளியின் நகர்த்தலுக்கு உடனே விடையிறுக்கலாம். பூலிலும் ஸ்நூக்கரிலும் எதிராளி தவறும்வரை செய்யக்கூடியது எதுவுமில்லை. ஒரு தோல்வி முழுவதையும் அமர்ந்தபடியே பார்க்க நேரும் அரிய விளையாட்டுகள் இவை.

இந்நிலையின் எல்லையை 1954இல் ஒஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் காணலாம். வில்லி மாஸ்கோனி அங்கு ஒருமுறையும் தவறாமல் 526 பந்துகளைத் தொடர்ந்து வீழ்த்தினார். பூல் வரலாற்றில் அது மாஸ்கோனியின் பெருமையாக நினைவுகூரப்படுகிறது. அத்தொடர் நீடித்த அளவும் எதிரே ஒருவர் காத்திருந்தார் என்பது பொதுவாக நினைவுகூரப்படுவதில்லை.

மாலினோவ்ஸ்கியின் கருத்தை இப்போது மீண்டும் நோக்கலாம். மேசையில் நிற்பவரின் நிலை உட்கழியில் மீன்பிடிப்பவரின் நிலையை ஒத்தது. பந்துகள் அசையாமல் நிற்கின்றன, காற்றில்லை, எதிராளி இடைமறிக்க முடியாது, விளைவு பெரும்பாலும் தம் திறனைப் பொறுத்தது. திறந்த கடல் நாற்காலியே. அங்கு அமர்ந்திருப்பவருக்கு விளைவின் மேல் எவ்வித ஆட்சியும் இல்லை. எப்போது தம் முறை வரும் என்பதும் தெரியாது. வந்தால் உடனே குளிர்ந்த கையோடு கடினமான அடியை எதிர்கொள்ள வேண்டும். எனவே உறுதியின்மையோடு பிணைந்த சடங்கு நாற்காலியிலேயே மிக வேண்டும் என எதிர்பார்க்கலாம். நிகழ்வுகள் இதை உறுதிசெய்கின்றன. தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருகுதல், துண்டால் கோலின் தண்டைத் துடைத்தல், கையைத் துடைத்தல், கோலை முழங்கால்களுக்கிடையே நிறுத்திப் பிடித்தல், மேசையைப் பாராமல் தரையைப் பார்த்தல் ஆகியன எவ்வகையிலும் பந்தைப் பாதிப்பதில்லை. துடைத்த கோலை மீண்டும் துடைப்பவருக்குக் கோலின் தூய்மை காரணமாகாது.

1985ஆம் ஆண்டு உலக ஸ்நூக்கர் இறுதிப்போட்டி இதற்குத் தக்க சான்று. ஷெஃபீல்டு நகரின் குரூசிபிள் அரங்கில் ஸ்டீவ் டேவிஸ் தொடக்கத்தில் 8-0 என முன்னிலை பெற்றார். டெனிஸ் டெய்லர் படிப்படியாக ஈடுகட்டி 17-17 எனச் சமன் செய்தார். ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீண்ட இறுதிப் பிரேம் கடைசிக் கறுப்புப் பந்தில் வந்து நின்றது. இருவரும் மாறி மாறி அதைத் தவறவிட்டனர். நள்ளிரவுக்குப் பின் டெய்லர் அதை வீழ்த்தி 18-17 என வென்றபோது பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1 கோடியே 85 இலட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். போட்டி முழுவதிலும் டெய்லர் முன்னிலை பெற்றது அந்த ஒரு பந்தால் மட்டுமே. அக்கறுப்புப் பந்தின்மேல் எடுக்கப்பட்ட ஒவ்வோர் அடியின்போதும், உலகப் பட்டம் தம் கைக்கு எட்டாத இடத்தில் முடிவாவதை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

1994 இறுதிப்போட்டியிலும் 17-17 என்னும் நிலை வந்தது. இறுதிப் பிரேமில் முன்னிலையில் இருந்த ஜிம்மி ஒயிட் கறுப்புப் பந்தொன்றைத் தவறவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். ஸ்டீஃபன் ஹென்றி எஞ்சிய பந்துகளை வீழ்த்திப் பட்டம் வென்றார். ஒயிட் தோற்ற ஆறாவது உலக இறுதிப்போட்டி அது. தவறிய அடி ஒரு நொடியில் முடிந்தது; அதன் விளைவை அவர் அமர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தொகுத்தளிக்கும் மெய்ப்பாடுகளை நினைவுகூர்தல் பொருந்தும். உள்ளத்து நிகழ்வு காண்போர்க்கு உடல்வழிப் புலனாதலே மெய்ப்பாடு. எண்வகை மெய்ப்பாடுகளுக்கு அப்பால் அவர் கூறும் நிலைகளுள் அடக்கம், சூழ்ச்சி, ஆராய்ச்சி, விரைவு, உயிர்ப்பு, கையாறு, வியர்த்தல், ஐயம், நடுக்கம் என்பனவும் உள்ளன. சூழ்ச்சியும் ஆராய்ச்சியும் மேசையில் நிற்பவரிடம் காணப்படுவன. உயிர்ப்பு என்னும் பெருமூச்சும், கையாறு என்னும் செயலறுதலும் நாற்காலியில் இருப்பவருக்குரியன. அவற்றை எதிராளி கண்டுகொண்டால் அவருக்கு ஊக்கம் பிறக்கும். ஆதலின் நாற்காலிச் சடங்குகள் கையாற்றை அடக்கத்தால் மூடும் முயற்சிகள் எனலாம். துண்டும் தண்ணீர்க் குவளையும் இம்முயற்சியின் கருவிகள்.

7. தட்டலும் கை உயர்த்தலும்

மூன்றாம் வகையான ஒழுக்கவினைகள் அடியிடையிலேயே நிகழ்கின்றன. எதிராளி அரிய அடியொன்றை ஆடினால் அமர்ந்திருப்பவர் கோலின் அடிப்பகுதியைத் தரையிலோ, விரல்களை மேசையிலோ நாற்காலியிலோ தட்டிப் பாராட்டுவார். கருதாத குழியில் பந்து தற்செயலாக விழுந்துவிட்டால் அடித்தவர் கையை உயர்த்தி வருத்தம் தெரிவிப்பார். சட்டைக்கை பந்தொன்றைத் தொட்டுவிட்டால், நடுவர் காணாவிடினும், தாமே அதைப் பிழையென அறிவித்து விலகுவார்.

கை உயர்த்தல் நுட்பமான செயலாகும். வருந்துபவர் அப்பந்தைத் திருப்பித் தருவதில்லை. ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடுகிறார். ‘இவ்வெற்றி என் திறனால் வந்ததன்று’ என ஒப்புக்கொள்வதே அச்செயலின் பொருள். ஆட்டத்தின் பயன் அவருக்கு. பெருமை மட்டும் மறுக்கப்படுகிறது. திறனுக்கும் தற்செயலுக்கும் இடையே ஆட்டக்காரர் தாமே கோடு கிழித்துக் காட்டுவதால், அடுத்த அரிய அடிக்கு அவர் பெறும் பாராட்டு ஐயத்திற்கு இடமின்றி நிற்கிறது.

தன் பிழையைத் தானே அறிவிக்கும் மரபு, முன்னர்க் கூறிய மன்றப் பின்புலத்தோடு இயைகிறது. மெல்லிய தொடுகையை எத்துணை விழிப்பான நடுவரும் காணாமற் போகலாம். நாற்காலியில் இருப்பவர் தொலைவில் இருக்கிறார். அறிந்தவர் தொட்டவர் ஒருவரே. எதிராளி செயலற்று அமர்ந்திருக்கும் ஆட்டத்தில் அவரது உரிமையைக் காக்கும் கடமை அடிப்பவரிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஒழுக்கவினைகள் அழகுக்காகச் சேர்க்கப்பட்ட மரியாதைகள் அல்ல. ஆட்டத்தின் அமைப்பில் உள்ள ஏற்றத்தாழ்வை ஈடுசெய்வன.

8. காலம் கருவியாதல்

அடியிடை ஆட்டக்காரருக்குச் சொந்தமான நேரம். அதை எவ்வளவு எடுப்பது என்பது ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். 1997 உலகப் போட்டியில் ரோனி ஓசலிவன் 147 புள்ளிகள் கொண்ட தொடரை ஐந்தரை நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் முடித்தார். அத்தொடருக்கு 36 பந்துகளை வீழ்த்த வேண்டும். எனவே ஓர் அடிக்குச் சராசரியாக 9 நொடியும் ஆகவில்லை. நடையும் சாக்கும் குனிதலும் அடியும் அதனுள் அடங்கின. 2005இல் அதே அரங்கில், காலிறுதியில், ஓசலிவன் 8-2 என முன்னிலையில் இருந்தபோதும் பீட்டர் எப்டனிடம் 11-13 எனத் தோற்றார். அப்போட்டியில் எப்டன் வெறும் 12 புள்ளிகள் சேர்க்க ஐந்து நிமிடத்திற்கும் மேல் எடுத்தது பெரிதும் பேசப்பட்டது.

எப்டனின் தாமதம் ஆழ்ந்த கவனமா, எதிராளியின் ஓட்டத்தை முறிக்கும் உத்தியா என்னும் விவாதத்திற்குள் இக்கட்டுரை புகவில்லை. வெளிப்பார்வையில் இரண்டும் ஒன்றே போல் தோன்றும் என்பதே இங்கு முதன்மையானது. ஒரே நடை, ஒரே சாக், ஒரே குனிதல் மேசையில் இருப்பவருக்குச் சடங்காகவும் நாற்காலியில் இருப்பவருக்குத் தண்டனையாகவும் அமையலாம். அளவு கடந்த நேரம் எடுப்பவரை நடுவர் எச்சரிக்கலாம் என்றும், தொடர்ந்தால் பிரேமையே எதிராளிக்கு அளிக்கலாம் என்றும் விதிகள் இடமளிப்பது இதனாலேயே.

பந்தயக் கூடத்தில் வளர்ந்த பூல் மரபு இவ்வுண்மையை முன்னரே அறிந்திருந்தது. எதிராளியின் கவனத்தைக் கலைக்கும் பேச்சும் அசைவும் அங்கு ஒரு தனிக்கலையாகவே வளர்ந்தன. இன்றைய போட்டிகள் அவற்றை ஒழுக்கக்கேடாகக் கருதுகின்றன. சமூகவியலாளர் நெட் போல்ஸ்கி 1967இல் வெளியிட்ட நூலில் பணத்திற்கு ஆடும் பூல் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து, தம் உண்மைத் திறனை மறைத்தலே அவர்தம் தொழிலின் அடிப்படை எனக் காட்டினார். அத்தகையோருக்கு அடியிடையில் காட்டும் தயக்கமும் நடிப்பின் பகுதியாகிவிடும்.

1961இல் ராபர்ட் ராசன் இயக்கத்தில் வந்த ‘தி ஹஸ்லர்’ திரைப்படத்தில் இதன் மறுபக்கம் உள்ளது. இளைஞன் எடிக்கும் மினசோட்டா ஃபேட்ஸுக்கும் இடையே ஒரு நாளுக்கும் மேல் ஆட்டம் நீள்கிறது. எடி பெரும்பணம் வென்று முன்னிலையில் இருக்கிறான், குடித்துக் களைத்திருக்கிறான். ஃபேட்ஸ் முகமும் கைகளும் கழுவி, கைகளில் பொடி பூசி, மேற்சட்டை அணிந்து, இப்போதுதான் வந்தவர் போல மேசைக்குத் திரும்புகிறார். அதன்பின் ஆட்டம் திரும்புகிறது. பந்தைத் தொடாமலே ஃபேட்ஸ் அங்கு இரண்டு செயல்களைச் செய்துவிடுகிறார்: கடந்த மணிநேரங்களைத் தம் உடலிலிருந்து கழுவி நீக்குகிறார், தாம் களைக்கவில்லை என எதிராளிக்குக் காட்டுகிறார். தூய்மைச் சடங்கும் போர்முறையும் ஒரே செயலில் இணைகின்றன.

இன்றைய போட்டிகள் சில அடியிடையையே சுருக்க முனைகின்றன. 1994 முதல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடக்கும் மாஸ்கோனி கோப்பை பூல் போட்டியில் ஓர் அடிக்கு 30 நொடி வரம்பு உண்டு. ஷூட் அவுட் என்னும் ஸ்நூக்கர் போட்டியில் 10 நிமிடப் பிரேமின் முற்பாதியில் 15 நொடியும் பிற்பாதியில் 10 நொடியும் தரப்படுகின்றன. பார்வையாளர் கூச்சலுக்கும் தடையில்லை. இத்தகைய சூழலிலும் ஆட்டக்காரர் சாக்கைக் கைவிடுவதில்லை; குனியும் வரிசையையும் கைவிடுவதில்லை. அவற்றை விரைவாகச் செய்கின்றனர். சுருக்கலாம், நீக்க இயலாது என்பது சடங்கின் இயல்புக்கு ஏற்றதே.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்பட்டவை வருமாறு:

• அடியிடைச் செயல்கள் பயன்வினை, சடங்குவினை, ஒழுக்கவினை என மூவகைப்படும். இவ்வகைமை செயலின் வடிவத்தால் அன்றி, அது எதன்மேல் விளைவை ஏற்படுத்துகிறது என்பதால் அமைகிறது.

• இடையூறு நேர்ந்தபின் முதலிலிருந்து தொடங்கும் தன்மை, ஒரு வழக்கம் சடங்காகியுள்ளது என்பதற்கு அடையாளமாகும்.

• மேசையில் நிற்பவரின் சடங்கு சிந்தனையைச் செயலிலிருந்து பிரித்து நிறுத்துகிறது. நாற்காலியில் இருப்பவரின் சடங்கு செயலறுநிலையைத் தாங்கிக்கொள்ள உதவுகிறது. உறுதியின்மைக்கும் சடங்கிற்கும் மாலினோவ்ஸ்கி கண்ட உறவு இரண்டாமவருக்கே முழுமையாகப் பொருந்துகிறது.

• ஆட்ட ஒழுக்கம், இடைமறிக்க இயலாத எதிராளியின் உரிமையைக் காக்கும் பொறுப்பை அடிப்பவரிடம் வைக்கிறது. அப்பொறுப்பு மீறப்படும்போது அதே அடியிடைச் செயல்கள் எதிராளிக்கு எதிரான கருவிகளாகின்றன.

பூல், ஸ்நூக்கர் பயிற்சியில் பெரும்பகுதி மேசையில் செய்ய வேண்டியவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது. ஆயினும் ஓர் ஆட்டக்காரர் தம் போட்டிக் காலத்தின் பெரும்பங்கை நாற்காலியில் கழிக்க நேர்கிறது. எழுந்து வந்து அடிக்கும் முதல் அடி, அதற்கு முன் எவ்வாறு அமர்ந்திருந்தார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. விளையாட்டு ஆய்வுகள் ஆடுபவரைப் போலவே காத்திருப்பவரையும் கருத்திற்கொள்ளுமாயின், சடங்கு பற்றிய நம் புரிதலும் விரிவடையும்.